கேலக்ஸிகளுக்கு நடுவே ஒரு மூடுபனி

ஆடி மாதத்தில் கம்பமெட்டு ஏறும் ஜீப்பில் முன்சீட்டு கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கிடைத்தாலும் பார்க்க ஒன்றும் இருக்காது என்பது வேறு விஷயம். பாதி மலை ஏறுவதற்குள் மேகம் ரோட்டில் இறங்கிவிடும். மேலே போனால் மலையாளத்தில் 'கோட' என்பார்கள். கீழே கம்பத்தில் எங்களுக்கு அது மூடுபனி. பின்னால் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அப்படி ஒரு காலையில் டிரைவர் அண்ணன் ஹெட்லைட்டைக் கூட்டாமல் குறைத்தார்.

"ஏண்ணே குறைக்கிறீங்க?"

"கூட்டுனா நம்ம லைட்டு நம்ம கண்ணையே கட்டும் சார். மேகம் எம்புட்டு இருக்குன்னு எதுத்தாப்புல வர்ற வண்டி லைட்டுதான் சொல்லும்."

நான் மலைமேல் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். அந்த வாரம்தான் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "ரெண்டு கேலக்ஸிக்கு நடுவுல என்ன சார் இருக்கும்?" என்று கேட்டிருந்தான். "ஒண்ணும் இருக்காதுடா, வெறும் இடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். தப்பான பதில். அங்கே வாயு இருக்கிறது. அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. பிரபஞ்சத்தில் அணுக்களாலான பொருளையெல்லாம் ஒரு கணக்கில் கூட்டினால், நட்சத்திரங்கள் அத்தனையும் சேர்ந்து பத்தில் ஒரு பங்குகூட வராது. பெரும்பங்கு இந்த வாயுதான். (கரும்பொருள் என்று இன்னொன்று உண்டு. அது அணுக்களால் ஆனதல்ல, இந்தக் கட்டுரையில் அதற்கு வேலையில்லை.) அவ்வளவு பொருள் எப்படி இத்தனை காலம் கண்ணுக்குத் தப்பியது, பிறகு எப்படிப் பிடிபட்டது என்பதற்கு டிரைவர் அண்ணன் சொன்னதுதான் பதில்.

பாடப்புத்தகத்தில் விண்மீன் திரள் என்று இருக்கும். வகுப்பில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் நானும் கேலக்ஸி என்றே எழுதுகிறேன். நம்முடைய கேலக்ஸியான பால்வீதியில் பத்தாயிரம் கோடிக்கும் மேல் நட்சத்திரங்கள். அவை பெரும்பாலும் ஒரு தட்டு போலப் பரவியிருக்கின்றன, தட்டின் அகலம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு). அந்தத் தட்டைச் சுற்றி, அதைவிடப் பல மடங்கு பெரிதாக, ஒரு வாயு உறை இருக்கிறது. வசதிக்காக அதைச் சுற்றுவாயு என்று வைத்துக்கொள்வோம். உறைக்கும் வெளியே, கேலக்ஸிக்கும் கேலக்ஸிக்கும் நடுவே இருப்பது இடைவாயு. இரண்டுக்கும் நடுவில் வேலி எதுவும் கிடையாது. ஒன்று மெல்ல மெலிந்து மற்றொன்றாகிவிடும்.

மெலிவு என்றால் எவ்வளவு? மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக ஒரு கனமீட்டர். தண்ணீரைத் திறந்துவிட்டுக் காலியாக வைத்தாலும் அதில் காற்று இருக்கும்: 25 எழுதி அதன்பின் 24 பூஜ்யம் போட்டால் எவ்வளவோ, அத்தனை மூலக்கூறுகள். அதே தொட்டியைப் பால்வீதியில் நட்சத்திரங்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தால் சுமார் 10 லட்சம் அணுக்கள். சுற்றுவாயுவில் வைத்தால் இடத்தைப் பொறுத்து சில நூறோ சில ஆயிரமோ. பிரபஞ்சத்தின் மொத்த அணுக்களையும் எங்கும் சமமாகப் பரப்பிவிட்டால் நான்கு தொட்டிக்கு ஓர் அணு. நான்கு தொட்டியையும் திறந்து பார்த்தால் மூன்று காலி.

இவ்வளவு சொற்பமானது எப்படிப் பெரும்பங்கு ஆகும் என்று கேட்கலாம். இடம் அவ்வளவு பெரிது, அதுதான் காரணம். கேலக்ஸிகள் இடத்தை அடைப்பது மிகக் கொஞ்சம்.

இன்னொரு விசித்திரம் அதன் சூடு. இடைவாயுவின் சாந்தமான பகுதிகளே பத்தாயிரம் டிகிரிக்கு மேல் இருக்கும். பால்வீதியைச் சுற்றியுள்ள வாயுவில் ஒரு பகுதி 10 லட்சம் முதல் 25 லட்சம் டிகிரி வரை என்று 2012-ல் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் அளவீடுகளை வைத்துக் கணித்தார்கள். (1999-ல் விண்ணுக்குப் போன அந்தத் தொலைநோக்கிக்கு நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்.) அவ்வளவு சூட்டில் கையை நீட்டினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. தீபாவளிக் கம்பி மத்தாப்பின் பொறி ஒவ்வொன்றும் ஆயிரம் டிகிரியைத் தொடும், ஆனாலும் கையில் விழுந்தால் சுருக்கென்று ஒரு குத்தோடு சரி. சூடு இருக்கிறது, சுடுவதற்குச் சரக்கு இல்லை.

அந்தச் சூட்டில் வாயு ஒளிவிட வேண்டாமா? விடுகிறதுதான். ஆனால் ஒரு துகள் இன்னொன்றைச் சந்தித்தால்தான் பெரும்பாலும் ஒளி பிறக்கும். சந்தைநாளில் பத்தடிக்கு ஒரு தெரிந்த முகம் தட்டுப்படும். ஊரே காலியாகக் கிடக்கும் நாளில் தெருவில் இரண்டு பேர் எதிர்ப்படுவதே அபூர்வம். அடர்த்தி பாதியானால் ஒளி பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. நூறில் ஒன்றானால் ஒளி பத்தாயிரத்தில் ஒன்று. ஆகவே இந்த வாயுவின் சொந்த வெளிச்சத்தை நம்பி உட்கார்ந்தால் நடக்கிற காரியமில்லை. இன்றைக்குப் பெரிய தொலைநோக்கிகள் அதையும் சில இடங்களில் படம் எடுக்கின்றன, ஆனால் தொடக்கம் அங்கே இல்லை. தொடக்கம் எதிர் வண்டியின் லைட்டில்.

அந்த லைட்டுக்குப் பெயர் குவேசார். ஏதோ ஒரு தொலைதூர கேலக்ஸியின் நடுவில் பெரிய கருந்துளை ஒன்று வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும். விழும் வாயு சூடாகி, அந்த கேலக்ஸியின் நட்சத்திரங்கள் அத்தனையையும்விடப் பிரகாசமாக எரியும். 1963-ல் மார்ட்டன் ஷ்மிட் என்பவர், சாதாரண நட்சத்திரம்போலத் தெரிந்த 3சி 273 என்ற புள்ளி உண்மையில் 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பும் ஒளி வழியில் உள்ள வாயுவையெல்லாம் கடந்துதான் இங்கே வர வேண்டும். வழியில் என்ன இழந்தது என்று பார்த்தால் வழியில் யார் இருந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

இழந்ததைப் பார்க்கும் கருவி நிறமாலைமானி. ஒரு செருப்பு அட்டைப்பெட்டியிலும் ஒன்று செய்துவிடலாம். ஒரு பக்கம் பிளேடால் மெல்லிய கீறல், எதிர்ப்பக்கம் உள்ளே சாய்வாக ஒரு பழைய சிடி, மேலே எட்டிப் பார்க்க ஓட்டை. என் வகுப்பில் போன வருடம் செய்தோம். பழைய குண்டு பல்பை நோக்கிப் பிடித்தபோது வானவில்போல விட்டுப்போகாத பட்டை தெரிந்தது. ஸ்டாஃப் ரூமில் மிச்சமிருந்த சிஎஃப்எல் பல்பைக் காட்டியபோது அதே வானவில் துண்டு துண்டாக, பச்சை ஒரு கோடு, ஊதா ஒரு கோடு என்று உடைந்து நின்றது. "பல்பு ரிப்பேரா சார்?" என்றாள் ஒருத்தி. ரிப்பேர் இல்லை. உள்ளே இருக்கும் பாதரச ஆவியும் குழாயின் பூச்சும் தங்களுக்கென்று உள்ள நிறங்களில்தான் ஒளிவிடும். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படிச் சொந்தக் கோடுகள் உண்டு. (சூரியனை மட்டும் இதில் நேராகப் பார்க்கக் கூடாது. கண் போய்விடும்.)

இதைத் திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டியது கிடைக்கும். முழு வானவில்லாக வரும் ஒளியின் குறுக்கே ஒரு வாயு நின்றால், அது தன் சொந்த நிறங்களை மட்டும் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும். பட்டையில் அந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும். ஹைட்ரஜன் மிக ஆசையாகத் தின்னும் நிறம் 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிறது. அது புற ஊதாவில் வெகு உள்ளே, கண்ணுக்குத் தெரியாது. இதற்கு லைமன்-ஆல்பா கோடு என்று பெயர்.

இங்கேதான் ஒரு அருமையான விஷயம் நடக்கிறது. பிரபஞ்சம் விரிந்துகொண்டிருப்பதால் பயணம் செய்யும் ஒளியின் அலைநீளமும் போகப்போக நீள்கிறது. கம்பத்திலிருந்து ஒரு லாரி கிளம்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வாழைத்தார்கள் முன்னிருந்து பின்னாக ஒரே வரிசையில் கயிற்றில் தொங்குகின்றன. வண்டி ஓட ஓட வரிசை மெல்லப் பின்பக்கம் நகர்கிறது. பக்கவாட்டில் ஒரே ஒரு ஜன்னல். வழியில் உள்ள ஊர்க்காரர்கள் அந்த ஜன்னலுக்கு நேராக எந்தத் தார் நிற்கிறதோ அதை மட்டும் உருவிக்கொள்ளலாம். முதல் ஊரில் போனது ஒரு தார், பத்தாவது மைலில் போனது வேறொரு தார். ஆள் இல்லாத இடத்தில் எதுவும் போகாது. கடைசியில் லாரி வந்து நிற்கும்போது வரிசையில் விழுந்திருக்கும் இடைவெளிகளைப் பார்த்தே எந்தெந்த மைலில் ஊர் இருந்தது, எந்த ஊரில் கூட்டம் அதிகம் என்று சொல்லிவிடலாம்.

ஜன்னல்தான் 121.6 நானோமீட்டர். தார்கள் ஒளியின் நிறங்கள். குவேசாரைவிட்டுக் கிளம்பும்போது 121.6-ஐவிடக் குறைவாக இருந்த ஒரு நிறம், வழியில் எங்கோ நீண்டு சரியாக 121.6 ஆகும். அந்த இடத்தில் ஹைட்ரஜன் இருந்தால் தின்னும், இல்லையென்றால் விட்டுவிடும். ஒரே குவேசாரின் நிறமாலையில் இப்படி நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகள் நெருக்கமாக நிற்கும். 1971-ல் ரோஜர் லிண்ட்ஸ் இவற்றுக்கு லைமன்-ஆல்பாவே காரணம் என்று இனங்கண்டார். இன்று இதற்கு லைமன்-ஆல்பா காடு என்று பெயர். படத்தைப் பார்த்தால் காடு மாதிரியேதான் இருக்கிறது, நம் பக்கத்து யூக்கலிப்டஸ் தோப்புபோல நெட்ட நெட்டையாக.

ஆனால் காட்டைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. 1965-ல் ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் இருவரும் ஒரு கணக்குப் போட்டார்கள். கேலக்ஸிகளுக்கு நடுவே சாதாரண ஹைட்ரஜன் எங்கும் பரவியிருந்தால், அந்த ஜன்னல் எப்போதும் ஆளோடுதான் இருக்க வேண்டும். தார் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, அதாவது அந்தப் பகுதி நிறமாலையே அழிந்திருக்க வேண்டும். அப்போது தெரிந்த மிகத் தொலைவான குவேசார்களில் ஒன்றான 3சி 9-ஐப் பார்த்தால் ஒளி வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் ஹைட்ரஜனே இல்லையா? அவசரப்பட்டால் அந்த முடிவுக்குத்தான் வருவோம், நான் வகுப்பில் சொன்ன 'வெறும் இடம்' மாதிரி. இன்னொரு வழியும் உண்டு. ஹைட்ரஜன் இருக்கிறது, ஆனால் எலக்ட்ரானை இழந்துவிட்டது. எலக்ட்ரான் இல்லாத ஹைட்ரஜனால் அந்த நிறத்தைத் தின்ன முடியாது, வாய் இல்லை. உண்மை இதுதான் என்று பிறகு உறுதியானது. நட்சத்திரங்களும் குவேசார்களும் பாய்ச்சிய புற ஊதா ஒளி இடைவாயுவின் எலக்ட்ரான்களைப் பிய்த்துவிட்டது. காட்டில் நாம் பார்க்கும் கோடுகள் எல்லாம், தப்பிப் பிழைத்து முழுதாக இருக்கும் லட்சத்தில் ஓர் அணுவோ என்னவோ போடும் நிழல். அந்த நிழலே இவ்வளவு என்றால் மொத்தச் சரக்கு எவ்வளவு!

இன்னும் பின்னே, பிரபஞ்சத்துக்கு 100 கோடி வயது நிரம்பாத காலத்துக்குப் போனால் கன், பீட்டர்சன் சொன்ன முழு இருட்டும் கிடைக்கிறது. 2001-ல், வானத்தைப் பகுதி பகுதியாகப் படமெடுக்கும் ஸ்லோன் வானாய்வுத் திட்டத்தில் அகப்பட்ட ஒரு குவேசாரில் அதைக் கண்டார்கள். எலக்ட்ரான்களைப் பிய்க்கும் வேலை அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை.

நிழல் கோடுகளால் வாயு இருக்கும் இடத்தை மட்டுமல்ல, அந்த இடத்தின் சூழலையும் படிக்கலாம். புனேயில் உள்ள ஐயூகா வானியல் மையத்தின் ஆர். ஸ்ரீஆனந்தும் பிரெஞ்சு வானியலாளர்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். ஒரு குவேசாரின் குறுக்கே நின்ற பழைய வாயு மேகத்தின் கார்பன் கோடுகளைக் கொண்டு, பெருவெடிப்பின் மிச்சச் சூடாக எங்கும் பரவியிருக்கும் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சின் அன்றைய வெப்பநிலை 6-க்கும் 14 கெல்வினுக்கும் இடையே இருந்தது என்று காட்டினார்கள். இன்று அது 2.7 கெல்வின். அன்று 9 அளவில் இருக்க வேண்டும் என்பது பெருவெடிப்புக் கொள்கையின் கணக்கு. யாரும் போக முடியாத காலத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த மாதிரி.

இப்போது கேலக்ஸியின் பக்கத்துக்கு வருவோம். பால்வீதித் தட்டுக்கு மேலே, தட்டைவிட்டு வெகு தள்ளி, குளிர்ந்த வாயு மேகங்கள் கலையாமல் நிற்பதை 1950-களில் கவனித்தார்கள். வெற்றிடத்தில் அவை பரவிக் கலைந்துபோயிருக்க வேண்டுமே? சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத சூடான வாயு ஒன்று அழுத்திப் பிடித்திருக்கிறது என்று 1956-ல் லைமன் ஸ்பிட்சர் சொன்னார். சுற்றுவாயு பற்றிய முதல் உருப்படியான யோசனை அது. அதைச் சோதிக்கப் புற ஊதா வேண்டும், புற ஊதாவை நம் காற்று மண்டலம் விடாது. விண்ணில் தொலைநோக்கி வைக்க வேண்டும் என்று 1946-லேயே எழுதியவரும் அவர்தான். அவர் கேட்டது ஹபிளாக வந்தது. 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் ஹபிளில் புதிய புற ஊதா நிறமாலைமானி ஒன்றைப் பொருத்தினார்கள். அதைக் கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளின் ஓரமாக வரும் குவேசார் ஒளியை ஆராய்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள்.

அவர்கள் பார்த்தது ஆக்ஸிஜனை, அதிலும் ஐந்து எலக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜனை. கேலக்ஸியிலிருந்து சுமார் 5 லட்சம் ஒளியாண்டு தூரம் வரை அது பரவியிருந்தது. புதிய நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டிருக்கும் கேலக்ஸிகளைச் சுற்றி ஏராளம், பெறுவதை நிறுத்திவிட்ட கேலக்ஸிகளைச் சுற்றி அபூர்வம். ஆக்ஸிஜன் நட்சத்திரத்தின் வயிற்றில்தான் உண்டாகும். அது இவ்வளவு தூரம் வெளியே கிடக்கிறது என்றால், வெடித்த நட்சத்திரங்கள் வீசியெறிந்திருக்கின்றன. கேலக்ஸி தன் சரக்கைத் தானே வெளியே கொட்டுகிறது.

இவை எல்லாவற்றிலும் ஒரு குறை. ஒரு கேலக்ஸிக்குப் பின்னால் ஒரு குவேசார் கிடைப்பதே பெரிய விஷயம், அதுவும் ஒரே ஒரு புள்ளியில்தான் துளைத்துப் பார்க்கும். பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவில் மட்டும் அந்தக் குறை இல்லை, 25 லட்சம் ஒளியாண்டுதான் தூரம். வானத்தில் அது அவ்வளவு பெரிதாகப் பரவியிருப்பதால் பின்னால் 43 குவேசார்கள் கிடைத்தன. 2020-ல் வந்த முடிவின்படி அதன் வாயு உறை 13 லட்சம் ஒளியாண்டு வரை போகிறது, சில திசைகளில் 20 லட்சம் வரை. கண்ணுக்குத் தெரிந்தால் சப்தரிஷி மண்டலத்தைப்போல மூன்று மடங்கு அகலம் இருக்கும். நம் உறையும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்றால் இரண்டும் இப்போதே உரசிக்கொண்டிருக்க வேண்டும். குமுளி செக்போஸ்ட் மேகம் மாதிரி, எது எந்த மாநிலத்து மேகம் என்று சொல்ல முடியாது.

ஒரு கணக்கு பாக்கியிருந்தது. பெருவெடிப்பில் உண்டான அணுக்கள் எவ்வளவு என்று தெரியும். இன்று சுற்றியுள்ள பிரபஞ்சத்தில் தேடினால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை காணோம். மிகவும் சூடான, மிகவும் மெலிந்த வாயுவாக ஒளிந்திருக்கலாம் என்று எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். ஆனால் எலக்ட்ரானே இல்லாத ஹைட்ரஜனைக் கோடு போட வைப்பது எப்படி?

உதவிக்கு வந்தது வேறொரு லைட். 2007-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியின் பழைய பதிவுகளில் மில்லி விநாடிக் கணக்கில் மின்னி மறைந்த ரேடியோ வெடிப்பு ஒன்று அகப்பட்டது. ரேடியோ அலைகள் எலக்ட்ரான்கள் நடுவே வரும்போது நீண்ட அலைகள் கொஞ்சம் பின்தங்கும். கம்பத்திலிருந்து காலி ஜீப்பும் லோடு லாரியும் ஒன்றாகக் கிளம்பினால், மேலே வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டே ஏற்றம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம் இல்லையா, அதேதான். இந்த முறையில் எலக்ட்ரானை இழந்த வாயுவும் தப்ப முடியாது, இழந்த எலக்ட்ரானைத்தான் எண்ணுகிறோம். ஆஸ்திரேலியாவில் ஜான்-பியர் மக்கார்ட் குழுவினர், எந்த கேலக்ஸியிலிருந்து வந்தவை என்று துல்லியமாகத் தெரிந்த ஒரு சில வெடிப்புகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். காணாமல்போன சரக்கு அத்தனையும் வழியில் இருந்தது. 2020 மே மாதம் கட்டுரை வந்தது. அடுத்த மாதமே மக்கார்ட் காலமாகிவிட்டார்.

இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக டிரைவர் அண்ணனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அம்புட்டு மேகம் இருக்குன்னா மழை பெய்யுமா சார்?"

பெய்கிறது. சுற்றுவாயு அங்கங்கே குளிர்ந்து, கட்டியாகி, கேலக்ஸிக்குள் விழுகிறது. பால்வீதி வருடத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் அளவு வாயுவை நட்சத்திரங்களாக ஆக்கிக்கொண்டிருக்கிறது. கையிருப்பு சில நூறு கோடி ஆண்டுகளுக்குத்தான் வரும். ஆனால் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலை நடக்கிறது. எங்கிருந்து வருகிறது? கம்பம் பள்ளத்தாக்கின் வயலைப் பார்த்துவிட்டு இங்கே பெய்யும் மழையை மட்டும் கணக்கெடுத்தால் இரண்டு போக நெல் எப்படி விளைகிறது என்று புரியாது. மேற்கே ஓட வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர், 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்து வருவதைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். கேலக்ஸிக்கும் வெளித் தண்ணீர் உண்டு.

ஒரு மேகத்தைப் பெயரோடு சொல்லலாம். 1963-ல் நெதர்லாந்தில் மாணவியாக இருந்த கெய்ல் ஸ்மித் கண்டுபிடித்தது, ஸ்மித் மேகம். 11 ஆயிரம் ஒளியாண்டு நீளம். விநாடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் பால்வீதித் தட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. வெளியூர்க்காரன் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2016-ல் ஹபிளை வைத்து, அதற்குப் பின்னால் வெகு தொலைவில் பிரகாசமாக எரியும் மூன்று கேலக்ஸிகளின் ஒளியில் கந்தகத்தை அளந்து பார்த்தால், பால்வீதியின் வெளி ஓரத்தில் இருக்கும் அதே அளவு கந்தகம். நம் வீட்டுப் பிள்ளைதான். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளியேறி இப்போது திரும்பி வருகிறது. வந்து விழுந்தால் 20 லட்சம் சூரியன்களுக்கு வாயு தேறும்.

"எப்ப சார் வந்து சேரும்?"

"இன்னும் மூணு கோடி வருசம்ணே."

அண்ணன் கியரை மாற்றி, ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினார். பின்னால் தூக்குவாளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"அதுக்குள்ள இந்த ரோட்டப் போட்ருவாய்ங்க சார்" என்றார்.